உன் அப்பாவுக்காக நான் எழுதிய மனு

ஜொகூர் பாருவில் இருக்கும் மகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சுகமாக இருப்பதாகவும், மாணிக்கம் மாமாவின் தங்கை வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையில்லை என்றும், ஒன்பது ஆபீசுகளுக்கு மனுப் போட்டு ஒன்றிலிருந்தும் பதில் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். என் இங்கிலீஷும் கையெழுத்தும் உன்னுடையதைவிட நன்றாக இருப்பதால் நானே ஒரு மனு எழுதி அனுப்ப வேண்டும், அதைப் பார்த்து எல்லா இடத்துக்கும் நீ நகல் எடுத்துக்கொள்வாய் என்று கடைசியில் கேட்டிருந்தாய். நான் எழுதப் போவதில்லை. உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. உன் அப்பாவுக்கு ஒருமுறை அப்படி எழுதிக் கொடுத்தேன். அதனால் என்ன ஆயிற்று என்பது உனக்குத் தெரியாது. அப்போது உனக்குப் பத்து வயது. பெரியவர்களுக்குள் நடந்ததைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். உனக்கு உபயோகமாக இருந்தால் சரி, எதையும் மறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

லாபிஸ் ஸ்டேஷனில் அப்பா கூட்ஸ் ஷெட் கிளார்க்காக இருந்தது உனக்கு நினைவிருக்கும். ஆனால் கிளார்க் என்ற பெயர் அவருக்குக் கடைசி நான்கு வருஷம்தான் இருந்தது. பதினாறு வயதில் திருச்சிப் பக்கத்திலிருந்து சித்தப்பாவோடு கப்பலேறி வந்தவர் அவர். முதலில் ஷெட்டில் மூட்டை தூக்கினார். பிறகு தராசில் நின்றார். மூட்டையைக் கண்ணால் பார்த்து அவர் சொல்லும் எடையும் தராசு காட்டும் எடையும் அநேகமாக ஒன்றாகவே இருப்பதைக் கவனித்த ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், அவரை ரசீது எழுதும் மேஜையில் உட்கார வைத்தார். இங்கிலீஷில் அவருக்கு ஸ்டேஷன்களின் பெயரும் சரக்குகளின் பெயரும் எண்களும் எழுத வரும். அதற்குமேல் வராது. ஷெட்டில் அதற்குமேல் தேவையும் இல்லை. சரக்கு கொண்டுவரும் சீன முதலாளிகளான தவுக்கேமாரோடு மலாயில் பேசிச் சமாளித்துக்கொள்வார். நான் மலாக்காவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் ஏழாம் வகுப்புவரை படித்தவள். என் கையெழுத்தை மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். கல்யாணமாகி லாபிஸுக்கு வந்தபின் அந்தப் படிப்புக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பழைய பள்ளிக்கூடத்து மதருக்கு ஒரு கிறிஸ்துமஸ் கடிதம், அவ்வளவுதான். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்தது ஏன் என்று உனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ரப்பர் விலை விழுந்த வருஷம் கூட்ஸ் வண்டிகள் பாதி காலியாகவே வந்து காலியாகவே போயின. ஷெட்டில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். அப்பாவும் அதில் ஒருவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய இரண்டு மாதம் தவணை கொடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இதை யாரிடமும் சொல்லவேண்டாம் என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் விசாரித்தவர்களிடம் அவர் லீவில் இருக்கிறார் என்று சொன்னேன். நானே முந்திக்கொண்டு சொன்னேன் என்பதுதான் உண்மை. மூன்று வாரம் அப்படி ஓடியது. அந்த மூன்று வாரத்துக்குள் லாபிஸ் கடைத்தெருவில் ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்காரர் எடை போட ஒரு ஆளைத் தேடியிருக்கிறார். அப்பாவைப் பன்னிரண்டு வருஷமாக அறிந்தவர். அவருடைய சரக்கெல்லாம் அப்பா கைவழியாகத்தான் ரயிலேறியது. இவரைக் கேட்கலாமென்று நினைத்து எங்கள் கோயில் ஆட்களிடம் விசாரித்தபோது, லீவில் இருப்பதாகப் பேச்சு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அரசாங்க வேலையில் இருப்பவரை எதற்குக் கேட்பது என்று வேறொருவரை வைத்துக்கொண்டார். இந்த விவரம் பிறகு அவர் வாயாலேயே தெரிந்தது. வேலை போனது வெட்கம் என்று நாங்கள் நினைத்தோம். அந்த வருஷம் மலாயா முழுக்க ஆட்களுக்கு வேலை போய்க்கொண்டிருந்தது, யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கும் நிலையில் இல்லை. நீ ஜொகூர் பாருவில் யாரிடமெல்லாம் வேலை தேடுவதாகச் சொல்லியிருக்கிறாய் என்று உன் கடிதத்தில் இல்லை. தபாலில் மனுப் போட்டதை மட்டும்தான் எழுதியிருக்கிறாய். நீ சாப்பிடப் போகும் கடையிலும், கோயிலிலும், படகுத்துறையிலும் உனக்கு வேலை வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று வாரத்துக்குப் பிறகு மாணிக்கம் மாமா வீட்டுக்கு வந்தார். அவர் அப்போது தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தார், அவர் வேலை போகாமல் தப்பியிருந்தது. லாபிஸுக்குத் தெற்கே தண்டவாளத்தை ஒட்டி ஒரு சீனருடைய மர மில் இருக்கிறது, வேகனில் மரம் ஏற்றத் தெரிந்த ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம் என்றார். அப்பா பதில் சொல்வதற்குள் நான் பேசிவிட்டேன். மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் திரும்பவும் மரம் ஏற்றப் போவதா, அப்படி ஒரு நிலைமை இன்னும் வரவில்லை என்றேன். மாமா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், வேறு பேச்சுப் பேசிவிட்டுப் போய்விட்டார். அப்பா பேசாமலிருந்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து நான் மனு எழுதத் தொடங்கினேன். தோட்டங்களின் பெயர்களைக் கோயில் சாமியார் வைத்திருந்த ஒரு புத்தகத்திலிருந்து எடுத்தேன். நல்ல தாள் வாங்கினேன். பள்ளியில் கற்றுக்கொடுத்தபடி மரியாதை வாசகங்கள் எல்லாம் வைத்து முதல் மனுவை இரண்டு நாள் எழுதினேன். கடிதப் போக்குவரத்து அத்தனையும் தனியாகப் பார்த்துக்கொள்ளக் கூடியவர், புத்தகங்களை ஒழுங்காகப் பராமரிப்பவர், சரளமாக இங்கிலீஷ் பேசுபவர் என்றெல்லாம் அதில் இருந்தது. மூட்டை தூக்கினதும் தராசில் நின்றதும் அதில் இல்லை. அவை அவரைத் தாழ்த்திக் காட்டும் என்று வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பிறகு பெயரை மட்டும் மாற்றி அதையே பதினோரு தோட்டத்துக்கும் நகல் எடுத்தேன். ஒன்றில் பெயரை மாற்ற மறந்துவிட்டேன். அந்தத் தோட்டத்திலிருந்து என் மனுவே திரும்பி வந்தது, அடுத்த தோட்டத்தின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு. ஒன்பது இடத்துக்கு ஒரே மனுவைப் போட்டேன் என்று நீ எழுதியதைப் படித்தபோது அந்தச் சிவப்புக் கோடுதான் ஞாபகம் வந்தது. எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி எழுதிய கடிதத்தை யாரும் தனக்கு வந்த கடிதமாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்பா ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறாய் என்று ஒருமுறை கேட்டார். உங்களைப் பற்றி நல்லதாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். வாசித்து அர்த்தம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். இன்னொன்றையும் உனக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் வீட்டில் வேலை போன கவலை இருந்தபோதும், தாளை விரித்துப் பேனாவை எடுத்து உட்காரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்து வருஷத்துக்குப் பிறகு என் எழுத்தை மதர் அல்லாத யாரோ படிக்கப் போகிறார்கள் என்ற எண்ணம். அந்த மனுக்களில் உன் அப்பா கொஞ்சந்தான் இருந்தார். மீதி நான்.

பெக்கோக்குக்கு அப்பால் இருந்த ஒரு தோட்டத்திலிருந்து பதில் வந்தது. ஆபீசில் ஒரு கிராணி வேலை, அதாவது கிளார்க் வேலை, காலியாக இருக்கிறது, இன்ன நாள் காலையில் வந்து துரையைப் பார்க்கவும் என்று இரண்டு வரி. நான் ஆறு இங்கிலீஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்து அப்பாவை மனப்பாடம் செய்ய வைத்தேன். ஏன் ரயில்வேயை விட்டீர்கள் என்று கேட்டால், தோட்ட வேலையில் பிரியப்பட்டுத் தானாக விட்டதாகச் சொல்லச் சொன்னேன். எதற்குப் பொய் என்று கேட்டார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். எல்லோரும் என்ன சொல்வார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும். தெரிந்தமாதிரி சொன்னேன். புறப்படும் காலையில் அவர் என்னையும் கூட வரச் சொன்னார். வேலைக்குத் தருகிற வீட்டைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். உன்னை மாணிக்கம் மாமா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் ரயிலேறினோம்.

பெக்கோக்கில் இறங்கித் தோட்டத்து மாட்டுவண்டி ஒன்றில் போனோம். ஆபீஸ் மரத்தால் கட்டியது, ஜன்னல்கள் திறந்திருந்தன. வெளியில் ஒரு பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது. துரையோடு பெரிய கிராணியும் இருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், நிதானமானவர். துரை முதல் கேள்வி கேட்டார். அப்பா மனப்பாடம் செய்த முதல் வாக்கியத்தைச் சொன்னார், அது பொருந்தியது. இரண்டாவது கேள்விக்கு அவர் சொன்ன வாக்கியம் பொருந்தவில்லை. லாபிஸில் எத்தனை வருஷம் இருந்தாய் என்று கேட்டதற்குத் தோட்ட வேலையில் பிரியம் என்று பதில் வந்தது. பிறகு துரை ஒரு தாளைத் தள்ளிவிட்டு, இரண்டு வரி சொல்கிறேன், எழுது என்றார். பேனா தாளில் படுகிற சத்தம் கேட்கவேயில்லை. மேஜைமேல் அதை வைத்த சத்தம்தான் கேட்டது.

பெரிய கிராணி தமிழில் கேட்டார். "உண்மையைச் சொல்லும். இந்த மனு உம்மட எழுத்தோ?"

"இல்லீங்க," என்றார் அப்பா. "எனக்கு இவ்வளவு இங்கிலீஷ் தெரியாது. என் சம்சாரம் எழுதுனது. வெளியதான் உக்காந்திருக்கு."

கிராணி அதை மொழிபெயர்த்துச் சொல்ல, துரை என்னை உள்ளே கூப்பிடச் சொன்னார். அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. துரை அந்த இரண்டு வரியை என்னிடம் திரும்பச் சொன்னார். திங்கட்கிழமை ரயிலுக்கு அனுப்பிய ஷீட் பெட்டிகளில் இரண்டு பெட்டி எடை குறைந்திருப்பதாகச் சிங்கப்பூரிலிருந்து புகார் வந்திருக்கிறது, அதற்கு விளக்கம் தேவை என்பது அந்த வரிகள். நான் நின்றுகொண்டே எழுதினேன். என் கவனமெல்லாம் எழுத்து கோணாமல் இருக்க வேண்டும் என்பதில் இருந்தது. எழுதுகிற வாக்கியத்தின் அர்த்தம் எனக்கு உறைக்கவில்லை. துரை தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். எழுத்து பிரமாதம், ஆனால் ஆபீசில் ஒரு பெண்பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது என்று கிராணியிடம் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, உன் புருஷனுக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டார். எது கொடுத்தாலும் கற்றுக்கொள்வார் ஐயா என்று இங்கிலீஷில் சொன்னேன். கற்றுக்கொடுக்க எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டு அவர் என் மனுவை ஒரு தட்டில் போட்டார். அந்தக் கேள்வியை அவர் அப்பாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானும் அப்பா பக்கம் திரும்பி, நீங்கள் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பெரிய கிராணி எங்களோடு வண்டி நிற்கும் இடம்வரை நடந்து வந்தார். நல்ல மனிதர், அப்படி வரவேண்டிய கட்டாயம் அவருக்கில்லை. பாதி வழியில் அப்பாவிடம், இந்தப் பக்கம் ரயில்வேயில் வேலை போனவர்களை உமக்குத் தெரிந்திருக்குமே என்று பேச்சை எடுத்தார். "ஸ்டோருக்கு ஒரு ஆள் தேடிக்கொண்டிருக்கிறம். ஷீட் பாத்து, பெட்டி நிறுத்து, ரயிலுக்கு அனுப்பத் தெரிஞ்ச ஆள். ஆரையும் தெரியுமோ?"

அப்பா நின்றுவிட்டார். "அது ஒண்ணுதாங்க எனக்குத் தெரியும்," என்றார். "பதினாலு வருஷமா அதத்தான் செஞ்சேன்."

"அதை ஏன் உள்ளுக்குச் சொல்லேல்லை?"

கிராணி என்னைப் பார்த்தார். மனுவில் ஒரு வரிகூட அதைப்பற்றி இல்லையே என்றார். பிறகு, இனிச் சொல்லிப் பிரயோசனமில்லை, ஸ்டோர் என்பது சாவியை நம்பிக் கொடுக்கிற வேலை, இன்னொருவர் எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்தவர் என்று துரை மனதில் விழுந்துவிட்டது, இனி எடுக்கமாட்டார் என்று சொன்னார். குரலில் கடுமை இல்லை. நடப்பது அதுதான் என்பதுபோலச் சொன்னார். உண்மையில் ஷீட்டை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தே ஈரம் இருக்கிறதா என்று உன் அப்பாவால் சொல்ல முடியும். ஈரமான ஷீட்டைப் பெட்டியில் அடைத்தால் வழியில் காய்ந்து சிங்கப்பூரில் எடை குறையும். துரையின் இரண்டு பெட்டிக்கு என்ன ஆனது என்பதற்கு விளக்கம் அந்த அறையில் பேசாமல் நின்றுகொண்டிருந்த ஆளிடம்தான் இருந்தது. இது எனக்குத் தெரிய வந்தது பின்னால்தான்.

வீட்டுக்கு வந்தபின் பல நாள் தேவைக்குமேல் பேச்சில்லை. அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. காலையில் எழுந்து குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போவார், மத்தியானம் திரும்புவார். எங்கே போனீர்கள் என்று கேட்கும் உரிமை எனக்குப் போய்விட்டதாகத் தோன்றியது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். கோயிலை ஒட்டியிருந்த சாமான் அறையைச் சாமியார் ஒழித்துக் கொடுத்தார். நீ அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு மணிக்கயிற்றின் பக்கத்திலேயே இருந்தாய், அதனால் உனக்கு அந்த மாதங்கள் நல்ல மாதங்களாக நினைவிருக்கலாம். வேலை போனவர்களை அரசாங்கமே இலவசமாக இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஒரு நாள் மத்தியானம் அப்பா வந்து, செகாமட்டில் லேபர் ஆபீசுக்குப் போய் மூன்று பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அடுத்த மாதக் கடைசியில் கப்பல். ஊரில் அண்ணன் நிலம் இருக்கிறது, அங்கே வேலை கேட்க மனு எழுத வேண்டியதில்லை என்றார்.

நான் இந்தியாவைப் பார்த்ததேயில்லை. மலாக்காவில் பிறந்தவள். உனக்கும் அந்த ஊர் தெரியாது. "என்னைக் கேக்காமலே என் பேரைக் குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"நீ என்னைக் கேட்டா எழுதுன?" என்றார்.

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்து முடித்து உலையில் போட்டுவிட்டு வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவர் செய்த வேலை என்ன, அதில் அவருக்கு என்னவெல்லாம் தெரியும் என்று கேட்டேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டது அன்றுதான். முதலில் என்ன இருக்கிறது சொல்ல என்றார். பிறகு சொல்லத் தொடங்கினார். ஷீட்டைக் கிள்ளிப் பார்ப்பதைச் சொன்னது அப்போதுதான். வெட்டி ஒரு வாரமான மரமும் ஒரு மாதமான மரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் எடையில் எவ்வளவு மாறும், மரத்தின் பருத்த முனையெல்லாம் ஒரே பக்கம் வைத்தால் வேகன் ஏன் சாயும், மாற்றி மாற்றி வைத்து எங்கே ஆப்பு அடிக்க வேண்டும், கயிற்றை எந்த மழையில் எவ்வளவு இறுக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். ஒரு வளைவில் வண்டி போகும்போது உள்ளே சரக்கு என்ன செய்யும் என்பதைக் கையை வைத்துக் காட்டினார். சோறு குழைந்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. மனுவில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை நான் அன்று கேட்டேன், ஆனால் எழுதவில்லை. மர மில் தவுக்கேயைப் போய்ப் பாருங்கள் என்றும் சொல்லவில்லை. மாணிக்கம் அண்ணன் சொன்னபோது உங்களைப் பேசவிடாமல் நான் பேசியது தப்பு என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் அவர் தண்டவாளத்தை ஒட்டி நடந்தே மில்லுக்குப் போனார். என்ன நடந்தது என்று அவர் சொன்னபடி சொல்கிறேன். மில்லுக்கென்று பிரிந்து போகும் சைடிங் தண்டவாளத்தில் ஒரு வேகன் நின்றுகொண்டிருந்தது. ஏற்றியது சரியில்லை என்று முந்தின நாள் ஸ்டேஷனில் திருப்பி அனுப்பியது. ஆறு பேர் மரங்களை இறக்கி முன்னைப்போலவே திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். தவுக்கே வந்து என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டிருக்கிறார். வேலை வேண்டும் என்றார் அப்பா. என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். இந்த வேகன் திரும்பி வராமல் ஏற்றுகிற வேலை, இதை ஏற்றிக் காட்டுகிறேன், ஸ்டேஷனில் எடுத்துக்கொண்டால் என்னை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். லாபிஸ் ஷெட்டில் இருந்ததையும் ஆட்குறைப்பில் போனதையும் கேட்காமலே சொன்னாராம். "போலே," என்றார் தவுக்கே. சரி, செய் என்பதற்கு மலாயில் அந்த ஒரு வார்த்தை போதும். சாயங்காலம் வேகன் போயிற்று. திரும்பி வரவில்லை. மறுநாள் காலையில் வரச் சொன்னார்கள். எழுத்து வேலை இல்லை, பதவிப் பெயர் ஒன்றும் இல்லை, மழையில் நிற்க வேண்டும். முதல் வாரம் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். எட்டு வருஷமாக அங்கேயே இருக்கிறார். அவர் ஏற்றிய வேகன் என்றால் ஸ்டேஷனில் சுற்றிப் பார்ப்பதுகூட இல்லை என்று மாணிக்கம் மாமா உன்னிடமும் சொல்லியிருப்பார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மில்லுக்குத்தான் போக வேண்டும், ஆபீஸ் வேலை கூடாது என்று அம்மா சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. ஆபீஸில் செய்யத் தெரிந்த வேலை உன்னிடம் இருந்தால் ஆபீஸுக்கே போ. ஏதாவது ஒரு கிளார்க் வேலை கிடைத்தால் போதும் என்று எழுதியிருந்தாய். ஏதாவது ஒன்று என்று கேட்பவனுக்கு எதைக் கொடுப்பது என்று யாருக்கும் தெரியாது. போகப் போகிற இடத்தில் என்ன குறைகிறது என்று முதலில் போய்ப் பார். பார்க்காமல் மனுப் போடாதே. உனக்குத் தெரிந்ததை, சின்னதாக இருந்தாலும், முதலில் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு நிமிஷம் கஷ்டமாக இருக்கும், அதற்கு மேல் கஷ்டமில்லை. உன் இங்கிலீஷில் பிழை இருந்தால் இருக்கட்டும். எதிரில் இருப்பவர் இரண்டு வரி எழுதச் சொன்னால், மனுவில் இருந்த அதே ஆள்தான் பேனாவை எடுக்க வேண்டும். உனக்கு என்ன தெரியும் என்று நானும் உன்னிடம் கேட்டதில்லை. பள்ளியில் என்ன மார்க்கு என்று கேட்டிருக்கிறேன், அது வேறு. அடுத்த கடிதத்தில் எழுது. தமிழிலேயே எழுது.

அந்தப் பெரிய கிராணியை இரண்டு வருஷத்துக்குப் பிறகு லாபிஸ் ஸ்டேஷனில் ஒருமுறை பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். ஸ்டோருக்கு வைத்த ஆள் சரியில்லை என்றும், அப்புறம் வேறொருவர் வந்தார் என்றும் சொன்னார். அப்பாவைப் பற்றி விசாரித்தார். மில்லில் இருக்கிறார் என்றேன். அன்று அந்த மேஜையில் நான் எழுதிய இரண்டு வரியைத் துரை சில நாள் வைத்திருந்து வருகிறவர்களுக்குக் காட்டியதாகச் சொன்னார். கேட்கச் சந்தோஷமாக இல்லை. சந்தோஷமாக இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது.

மில்லில் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் அப்பாவுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. கப்பல் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க இருவரும் செகாமட்டுக்குப் போனோம். லேபர் ஆபீசில் நல்ல கூட்டம். பெயர் கொடுக்க வந்தவர்கள்தான் அத்தனை பேரும், பெயர் எடுக்க வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். எங்கள் முறை வர மத்தியானம் ஆயிற்று. மேஜையில் இருந்தவர் இளவயதுத் தமிழர், நிமிர்ந்து பார்க்கவில்லை. பட்டியலில் எங்கள் மூன்று பேர் பெயரையும் கண்டுபிடித்துவிட்டு, ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டார்.

"வேலை கெடைச்சிருக்கு," என்றார் அப்பா.

"என்ன வேலை?"

"மில்லுல வேகனுக்கு மரம் ஏத்துறேன்."

அவர் எங்கள் பெயர்களின்மேல் கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு வார்த்தை எழுதினார். தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்க வந்தது. கூலி என்று எழுதியிருந்தார். இவர் ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர், சரக்கைப் பற்றி இவருக்குத் தெரிந்ததில் பாதி இந்த ஜில்லாவில் யாருக்கும் தெரியாது, அதை மாற்றி எழுதுங்கள் என்று நல்ல இங்கிலீஷில் சொல்ல ஒரு வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த வார்த்தை அவருக்கும் தெரியும். எத்தனையோ ரசீதில் எழுதியிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அந்த இளைஞருக்கு நன்றி சொன்னார். வெளியே வந்ததும், பசிக்கிறதா என்று என்னைக் கேட்டார். பசிக்கிறது என்றேன். எதிர்க்கடையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிடும்போது அடுத்த வேகனை எப்படி ஏற்றப் போகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

லாபிஸிலிருந்து,
அம்மா